பாலத்தடி ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறிய கூட்டம்

திலகம் தன் தங்கையின் கல்யாணத்தில் மாமன்மார்களுக்கு டூட்டி போட்டவர். முதல் பந்திக்குச் சாம்பார் யார், மோர் யார், இரண்டாம் பந்தியில் அவர்களை மாற்றுவது யார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சிரம்பானில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த அவருடைய தந்தை வந்தவர்களிடமெல்லாம், "என்ரை பிள்ளை என்னையும் விடேல்லை. பத்து மணி மட்டும் வாசலிலை பன்னீர் தெளிக்கிறது என்ரை வேலை" என்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கல்யாணத்தில் மோர் தீரவில்லை; மாமன்மார்கள் யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. இரண்டும் ஒரே கல்யாணத்தில் நடப்பது அபூர்வம்.

கோலா பிலா சாலையில் இருந்த பாலத்தடி ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. சுற்றியிருந்த ஏழெட்டுத் தோட்டங்களுக்கும் அந்த ஓர் ஆஸ்பத்திரிதான். மருந்து கொடுப்பது டிரசரின் வேலை. டிரசரையும் ஆயாக்களையும் மருத்துவச்சியையும் தேடிப் பிடிப்பது, டூட்டி போடுவது, லீவு கொடுப்பது, ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் கிராணியின் வேலை. அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததை முதல் வாரம் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம் டூட்டி மாற்றித் தரச் சொல்லி அவர் மேசை முன் வரிசையில் நின்றார்கள்.

மலாயாவில் காட்டுக்குள் ஒளிந்த கம்யூனிஸ்டுப் படைக்கு எதிரான அவசரகாலம் தொடங்கி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தோட்டத்தைச் சுற்றிக் கம்பிவேலி, வாசலில் துப்பாக்கியோடு மாத்தா என்கிற போலீஸ்காரர், பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. காட்டிலிருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட வேலிக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். சோற்றை ஒரே கொட்டகையில் ஆக்கி எல்லாருக்கும் பங்கிட்டார்கள். கடையில் டின் பால் வாங்கினால் சேர்த்துவைக்க முடியாதபடி கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் தருவார். இதையெல்லாம் ஜனங்கள் பழகிக்கொண்டார்கள். பழக முடியாதது ஒன்றுதான். பிள்ளை வலி ஊரடங்கு பார்த்து வருவதில்லை.

அதற்காகத்தான் பாலத்தடியில் ஆறு கட்டில் போட்ட பிரசவ வார்டு இருந்தது. மருத்துவச்சி நீலாவதி இருக்கும்வரை அந்த வார்டு அழுகையும் சிரிப்புமாக நிறைந்திருந்தது. பிறகு செனாவாங் பக்கத்து ஆஸ்பத்திரியின் கிராணி நல்லசாமி ஒரு தையல் மிஷினைக் காட்டி நீலாவதியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கிராணிகளுக்குள் இது சகஜம். ஒருவர் ஆளை இன்னொருவர் இழுப்பார். இழந்தவர் மூன்றாமவரிடம் இழுப்பார். ஆனால் காட்டோரத் தோட்டங்களுக்கு எவ்வளவு இழுத்தாலும் எந்த மருத்துவச்சியும் வரச் சம்மதிக்கவில்லை.

மாதம் ஒருமுறை வந்துபோகும் வெள்ளைக்கார டாக்டர் காலியான வார்டைப் பார்த்தார். "மாதக் கடைசிக்குள் மருத்துவச்சி வர வேண்டும். இல்லாவிட்டால் இதை மாத்தாக்கள் தங்கக் கொடுத்துவிடுவேன். அவர்கள் ரப்பர் புகைக் கொட்டகையில் படுக்கிறார்கள்" என்றார். மூட்டையில் அரிசி குறைந்தது என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

மறுநாள் காலையில் திலகத்துக்கு ஒரு யோசனை தோன்றியது.

நெகிரி மாநிலத்தின் தோட்ட ஆஸ்பத்திரிக் கிராணிகளுக்கு ஒரு சங்கம் இருந்தது. தலைவர் மம்பாவ் பக்கத்து ஆஸ்பத்திரியின் இராஜரத்தினம். திலகம் செயலாளர். அதற்கு முந்திய ஆண்டுக் கூட்டத்தில் சங்கம் விவாதித்த பெரிய விஷயம், சுவர்க் காலண்டரில் முருகன் படம் போடுவதா மயில் மட்டும் போதுமா என்பது. இந்த ஆண்டு ஒரு மூன்றாண்டுத் திட்டம் போடுவோம் என்றார் திலகம். ஆளை ஆள் இழுப்பதை நிறுத்துவது. எல்லா ஆஸ்பத்திரிகளின் மருத்துவச்சிகளையும் ஒரே கூட்டமாக எண்ணி, முறை வைத்துக் காட்டோரத்துக்கும் அனுப்புவது. புதியவர்களைச் சேர்ந்தே பயிற்றுவிப்பது.

"திட்டம் எண்டால் நல்ல சொல்லுத்தான் பிள்ளை" என்றார் இராஜரத்தினம். "ஆனால் கூட்டம் வைக்கப் பொலிசு விடுமோ?"

போலீஸ் விட்டது, ஒரு நிபந்தனையோடு. ஓர் அறையில் ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது. சங்கத்தில் தலைவரையும் செயலாளரையும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். வேறு யாராயிருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். திலகம் பென்சிலை எடுத்துக் கூர் சீவினார். இரண்டு ஷிப்ட்! தூரத்துத் தோட்டத்துக்காரர்கள் எட்டுப் பேர் காலையில். அவர்கள்தான் ஊரடங்குக்கு முன் வீடு போய்ச் சேர வேண்டும். சிரம்பான், செனாவாங், மம்பாவ் பக்கத்து எட்டுப் பேர் மத்தியானம். தலைவரும் செயலாளரும் இரண்டிலும். பத்து, பத்து. இதைவிட அழகாக யாரும் டூட்டி போட்டிருக்க முடியாது.

சாப்பாடுதான் இடித்தது. வருகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுவர முடியாது. ஆஸ்பத்திரி அடுப்பில் நோயாளிகளுக்கு அளந்த அரிசி மட்டும்தான் வேகும்.

"பேசாம எல்லாரையும் அட்மிட் பண்ணிடுங்க கிராணியம்மா" என்றார் தலைமை ஆயா பஞ்சாலை. பாலத்தடியில் மூன்று டாக்டர்களையும் ஐந்து கிராணிகளையும் பார்த்துவிட்ட பெண்மணி. "பதினெட்டு பேருக்கும் வவுத்து நோவுன்னு எழுதிடுவோம். சோறு தன்னால வரும் லா."

"டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து எனிமா குடுக்கச் சொன்னா யாரு படுக்கிறது, பஞ்சாலைக்கா?"

"அதுக்குத் தலைவர் இருக்காரே."

கடைசியில் ஆஸ்பத்திரிப் பின்பக்கத்து மரவள்ளிக்கிழங்கும் ஆற்று மீன் குழம்பும் என்று முடிவாயிற்று.

கூட்டத்தன்று காலையில் தூரத்துக்காரர்கள் காவல் லாரியோடு வந்து இறங்கினார்கள். எட்டுப் பேரில் ஒருவருக்கும் சொந்தமாக மருத்துவச்சி இல்லை. திலகம் திட்டத்தை வாசித்து முடிப்பதற்குள் எட்டுக் கைகளும் மேலே நின்றன. கோலா பிலாவுக்கு அப்பால் இருந்து வந்த அமிர்தலிங்கம் என்ற ஒல்லியான கிராணி இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"ஒரு கை போதும் தம்பி" என்றார் இராஜரத்தினம்.

சங்கத்தின் சரித்திரத்தில் இவ்வளவு சீக்கிரம் எதுவும் நிறைவேறியதில்லை. தலைவர் மகிழ்ந்துபோய் இரண்டு கிளாஸ் தேநீர் குடித்தார். காலை ஷிப்ட் மீனையும் கிழங்கையும் முடித்துக்கொண்டு சைக்கிள் கொட்டகையில் போய் உட்கார்ந்தது. காவல் லாரி நான்கு மணிக்குத்தான் திரும்பும்.

மத்தியான ஷிப்ட் நல்லசாமியின் ஆஸ்பத்திரி வேனில் வந்தது. பின்சீட்டிலிருந்து நீலாவதியும் இறங்கினார். போகும்போது விட்டுப்போன தகரப் பெட்டியை எடுக்க வந்திருந்தார். திலகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஆயாக்கள் பக்கம் போய்விட்டார்.

நல்லசாமி பெரிய உடம்புக்காரர், அதைவிடப் பெரிய குரல்காரர். தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, வார்டு எடுபிடியாகச் சேர்ந்து, கிராணியானவர். திட்டத்தைக் கடைசிவரை கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"தங்கச்சி, நல்லாத்தான் எழுதியிருக்க. எங்க ஆளைப் புடிச்சி உனக்குக் குடுக்கிறதுக்குப் பேரு திட்டமா?"

"எனக்கு இல்ல அண்ணே. முறை வச்சு எல்லாருக்கும்."

"எல்லாருக்கும்னா, காட்டுக்குள்ள. ரோட்டுல ஏதாச்சும் ஆயிட்டா அந்தப் புள்ளைங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? நீயா, நானா, இல்ல காலண்டர்ல இருக்கிற முருகனா?"

மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் மருத்துவச்சிகள் இருந்தார்கள். சிலருக்கு இரண்டு பேர். கை தூக்கச் சொன்னபோது ஒரு கையும் எழவில்லை.

அப்போதுதான் திலகத்துக்குத் தான் செய்த காரியம் புரிந்தது. ஊரடங்கைப் பார்த்தார், தூரத்தைப் பார்த்தார், பத்துப் பேர் கணக்கைப் பார்த்தார். மருத்துவச்சி இல்லாதவர்கள் எல்லாரும் தூரத்தில் இருக்கிறார்கள், இருப்பவர்கள் எல்லாரும் டவுன் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் பார்க்கவில்லை. இல்லாதவர்களை ஒரு ஷிப்டிலும் இருப்பவர்களை மறு ஷிப்டிலும் போட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டது அவரே.

"பிள்ளை, இதென்ன கூத்து?" என்று இராஜரத்தினம் காதருகில் முணுமுணுத்தார். "காலமை எல்லாரும் ஓம், இப்ப எல்லாரும் இல்லை. எட்டுக்கு எட்டு. நான் எந்தப் பக்கம் விழுகிறது?"

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்று திலகம் வெளியே வந்தார்.

வராந்தாவில் ஆயாக்கள் ஷிப்ட் மாறிக்கொண்டிருந்தார்கள். எல்லாத் தோட்ட ஆஸ்பத்திரிகளிலும் அதற்கு ஒரே முறைதான். டூட்டி முடிந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது. அடுத்து வருபவரோடு ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நின்று, இது யார், என்ன நோவு, இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி, 'ஏத்துக்கிட்டேன்' என்று முடிக்க வேண்டும். அதன் பிறகுதான் முதல் ஆள் வீட்டுக்குப் போகலாம். ஏற்றுக்கொண்டவர் அந்தக் கட்டிலுக்குப் பொறுப்பு.

திலகம் நின்று பார்த்தார். பிறகு சைக்கிள் கொட்டகைக்கு நடந்தார். நடந்தார் என்பது சரியல்ல. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

"காலை ஷிப்ட்! யாரும் ஒப்படைக்காம வந்துட்டீங்க. எழும்புங்க. பிரசவ வார்டுக்கு வாங்க."

மத்தியான ஷிப்டையும் அங்கே வரச் சொன்னார். தூரத்தவர் ஒருவர், பக்கத்தவர் ஒருவர் என்று சோடி சேர்த்தார். காலிக் கட்டில் ஆறு. ஆறு சோடி கட்டிலருகே. ஒரு சோடி மருந்து மேசை ஓரம். இன்னொரு சோடிக்குத் தொட்டில் மட்டும்தான் மிச்சம்.

வாசல் மாத்தா இவ்வளவு பேர் ஒரே பக்கம் போவதைப் பார்த்து விசாரிக்க வந்தார். பத்துப் பேர் என்றுதானே அனுமதி, இது என்ன மீட்டிங் என்று மலாயில் கேட்டார். கதவை மறித்து நின்றவர் பஞ்சாலை.

"மீட்டிங் சூடா ஹாபிஸ் லா!" என்றார். கூட்டம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். "இது ஆளு மாத்துறது. ஆஸ்பத்திரியில ஆளு மாத்தாம இருக்க முடியுமா?"

மாத்தா எட்டிப் பார்த்தார். கட்டிலுக்கு இரண்டு பேராகக் கிராணிகள் விறைத்து நின்றார்கள். இந்த வார்டு மூடினால் புகைக் கொட்டகையிலிருந்து இங்கே மாறிவரப் போகிறவர்களில் அவரும் ஒருவர். ஆனால் போன வருஷம் அவருடைய மகன் பிறந்ததும் இதே வார்டில், மூன்றாவது கட்டிலில். மூன்றாவது கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஷிப்ட் மாறுவதை யாரும் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினார்.

முதல் கட்டிலில் அமிர்தலிங்கமும் நல்லசாமியும் நின்றார்கள்.

"ம், சொல்லுங்க. யாரு படுத்திருக்கா? காத்தா?" என்றார் நல்லசாமி.

"இப்ப காத்துதான். அடுத்த மாசம் மாரியம்மா" என்றார் அமிர்தலிங்கம். முறை தெரிந்த வேலை என்பதால் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னார். "எங்க தோட்டத்து மூணாம் லயம். ரப்பர் பால் வெட்டுறவ. இது ரெண்டாவது. மொதப் புள்ள குறுக்க இருந்துச்சு, ரொம்ப செரமப்பட்டா. ராத்திரியில வலி கண்டா டவுனுக்குப் போக கேட்டு தொறக்க மாட்டாங்க. அதனால முன்கூட்டியே இங்க கொண்டாந்து படுக்க வைக்கணும், இங்க ஆளு இருக்கணும்."

நல்லசாமியின் சிரிப்பு நின்றது. அவருடைய கை தானாகக் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்தது. கிராணியாவதற்கு முன் எத்தனையோ வருஷம் பிடித்த கம்பி.

"மாரியம்மா. மூணாம் லயம். ரெண்டாவது. மொதப் புள்ள குறுக்க இருந்துச்சு. ராத்திரிக்கு ஆளு வேணும்" என்று திருப்பிச் சொன்னார். "ஏத்துக்கிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க! ஏத்துக்கிட்டாரு!" என்று கதவருகிலிருந்து பஞ்சாலை கூவினார்.

"ஏய், பஞ்சாலை! பழக்கத்துல வாயில வந்துருச்சு லா!"

"வார்டுக்குள்ள நின்னு சொன்னது சொன்னதுதான். பெட்பான் கழுவத் தெரியாம நின்ன காலத்துல உங்களுக்கு இதைத்தானே மொதல்ல சொல்லிக் குடுத்தேன்?"

வார்டே சிரித்தது. நல்லசாமி எல்லாரையும் ஒரு சுற்று முறைத்துவிட்டு, கடைசியில் தானும் சேர்ந்து சிரித்தார். அடுத்தடுத்த கட்டில்களிலும் பெயர்கள் கேட்கத் தொடங்கின: வள்ளிநாயகி, முத்தாயி, இன்னொரு மாரியம்மா. திருப்பிச் சொல்லும் குரல்களும் கேட்டன. சிலர் உடனே ஏற்றுக்கொண்டார்கள். சிலர் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்கள். தொட்டிலருகே நின்ற சோடி மட்டும் யாரைச் சொல்வது என்று தெரியாமல் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"சரி, ஏத்துக்கிட்டேன்" என்று நல்லசாமி குரலைத் தாழ்த்தினார். "ஆனா தங்கச்சி, நான் கேட்டதும் நாயந்தானே? யாரு வருவா இங்க? நீலாவதியே ஓடி வந்த புள்ள."

"அப்ப அந்தப் புள்ளையவே கேளுங்களேன்" என்றார் பஞ்சாலை. "காலையிலேருந்து ஆளை அனுப்பறோம், ஆளை வாங்கறோம்னு பேசறீங்க. ஆளு வெளியே தகரப் பெட்டி மேல குந்திக்கிட்டு இருக்கு."

நீலாவதி உள்ளே வந்தார். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தையல் மிஷினுக்காகத்தானே போனீங்க?" என்று கேட்டார் திலகம். கேள்வியில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு கிராணியம்மா. ஆனா அதுக்குப் போகல." நீலாவதி நேராகப் பார்த்தார். "இங்க எல்லாருக்கும் மாத்து ஆளு போட்டீங்க. ஆயாவுக்கு மாத்து, தோட்டிக்கு மாத்து, சமையலுக்கு மாத்து. எனக்கு யாரு மாத்து? நான் ஒருத்திதானே. எப்பக் கதவைத் தட்டினாலும் நான்தான். ஒரு தீவாளிக்கு எங்க அம்மா வூட்டுக்குப் போனதில்ல. பயந்து ஓடல. அசந்து ஓடினேன்."

டூட்டி போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்த திலகம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"முறை வச்சு வர்றதா இருந்தா?" என்று கேட்டார். "ஒரு மாசம் இங்க, அப்புறம் வேற ஆளு வந்து உங்களை மாத்தும். கண்டிப்பா மாத்தும்."

"மாத்தும்னா வர்றேன். காலையில காவல் லாரியோடதான் வருவேன், தனியா வரமாட்டேன்." நீலாவதி யோசித்தார். "மிஷினும் கூட வரணும்."

"மிஷின் எங்க ஆஸ்பத்திரி மிஷினு!" என்றார் நல்லசாமி.

"அண்ணே, ஏத்துக்கிட்டீங்க" என்றார் அமிர்தலிங்கம். அன்று அவர் தானாகப் பேசிய ஒரே வாக்கியம்.

இராஜரத்தினத்துக்கு உயிர் வந்தது. மருந்து மேசையில் காகிதத்தை விரித்துத் திட்டத்தைத் திருத்தினார். காட்டோரத்து ஆஸ்பத்திரிக்கு யாரும் மாற்று ஆள் பெயர் தெரியாமல் போக வேண்டியதில்லை. பயணம் பகலில், காவல் லாரியோடு மட்டும். ஒருவர் ஆளை ஒருவர் இழுத்தால், இழுத்தவர் தன் ஆளில் ஒருவரை முறைக்கு முன்னதாக அனுப்ப வேண்டும். கடைசி விதியைச் சொன்னவர் நல்லசாமியே; ஆள் இழுக்கும் வழிகள் அவருக்குத்தான் முழுவதும் தெரியும். புதிய பெண்களைச் சேர்ந்து பயிற்றுவிப்பது என்ற பகுதியைச் செனாவாங் ஆஸ்பத்திரியில் நடத்த ஒப்புக்கொண்டவரும் அவரே. ஒவ்வொரு விதியையும் தலைவர் வாசிக்க, கட்டில் கட்டிலாகத் திருப்பிச் சொன்னார்கள். "ஏத்துக்கிட்டேன்" என்ற சொல் வார்டைச் சுற்றி வந்தது. தொட்டில் சோடி எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னது.

லாரி ஹார்ன் அடித்தது. காலை ஷிப்ட், ஒப்படைத்துவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனது.

அதற்குப் பிறகு அந்தச் சங்கம் எந்தக் கூட்டத்தையும் கைதூக்கி முடித்ததில்லை. ஊரடங்கு நீங்கி, நூறு பேர் கூடினாலும் கேட்க ஆளில்லாத காலத்திலும், கூட்ட முடிவில் சோடி சோடியாக நின்று ஒப்படைத்த பிறகே கலைந்தார்கள். அடுத்த மாத டூட்டியில் திலகம் தன் பெயருக்கு எதிரேயும் ஒரு மாற்று ஆள் போட்டுக்கொண்டார். லீவில் சிரம்பானுக்குப் போனபோது தந்தை வாசலிலேயே கேட்டார்: "இண்டைக்கு எனக்கு என்ன டூட்டி, பிள்ளை?"

மாதக் கடைசிக்கு முன்பே காவல் லாரி பாலத்தடி வாசலில் வந்து நின்றது. முன்னால் நீலாவதி, பின்னால் தையல் மிஷின். மாத்தா மிஷினைச் சுற்றி வந்தார். அதன் இழுப்பறையைத் திறந்து அரிசி இருக்கிறதா என்று விரலை விட்டுத் துழாவினார்.

"பார்த்து லா, உள்ள ஊசி இருக்கு" என்றார் நீலாவதி.

மாத்தா விரலை உதறிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்.

வார்டில் முதல் கட்டிலருகே பஞ்சாலை காத்திருந்தார். கட்டிலில் இப்போது காற்று இல்லை. மேடு தட்டிய வயிற்றோடு மாரியம்மா சாய்ந்திருந்தார். பஞ்சாலை முறைப்படி சொன்னார். நீலாவதி முறைப்படி திருப்பிச் சொன்னார்: மூன்றாம் லயம், இரண்டாவது, முதல் பிள்ளை குறுக்கே இருந்தது.

"ஏத்துக்கிட்டேன்."

"நல்லா ஏத்துக்கிட்டீங்க போங்க" என்றார் மாரியம்மா. "காலையிலேருந்து எனக்குப் பசிக்குதுன்னு கத்தறேன். அதை மட்டும் யாரும் ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கல."